மரத்தூளில இருந்து ஐஸ் பெட்டி ஃபோம் ஊத்தலாமா? (லிக்னின், பொலியூரிதேன் கதை)

#1 தோணிக்காரன் | கல்குடா

வணக்கம் எல்லாருக்கும். நான் பைபர் தோணி செய்யிற ஆள், கூடவே மீன் ஐஸ் பெட்டியும் செய்யிறன். பெட்டிச் சுவருக்குள்ள ஊத்துற பொலியூரிதேன் ஃபோம் ரெண்டு கேனாத்தான் வரும். ஒண்டு கறுத்த கேன், மற்றது தேன் நிறக் கேன். ரெண்டையும் கலந்தா கையோட ஊத்திரணும், இல்லாட்டி வாளிக்குள்ளயே பொங்கி இறுகிப்போகும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இந்த ரெண்டு கேனும் வாங்கியே கை சுட்டுப்போச்சு.

எங்கட வேலைத்தலத்துக்குப் பக்கத்தில மரக்காலை ஒண்டு. பின்னால மரத்தூள் மலை மாதிரிக் கிடக்கு. மரத்துக்குள்ள இருக்கிற லிக்னின் எண்ட சாமானை எடுத்து பொலியூரிதேன் செய்யலாமெண்டு வீடியோ ஒண்டு பாத்தன். கொஸ்டிக் சோடா போட்டுக் காச்சினா வருமெண்டு சொல்றான். மெய்யா? தெரிஞ்சவங்க விளங்கப்படுத்துங்க.

#2 இரசாயன வாத்தியார் | கல்லடி

தம்பி, பாதி மெய். மறு பாதியை அந்த வீடியோக்காரர் சொல்லாமல் விட்டிருப்பார்.

மரத்தைக் கட்டடமாக நினைத்துக்கொள்ளுங்கள். செலுலோசு கம்பி, லிக்னின் சீமெந்து. காய்ந்த மரத்தின் எடையில் காற்பங்கு அளவுக்கு லிக்னின் இருக்கும், மரத்துக்கு மரம் கூடிக் குறையும். பென்சீன் வளையங்கள் ஒழுங்கில்லாமல் பின்னிக்கிடக்கும் பெரிய மூலக்கூறு அது. அதில் ஆங்காங்கே ஐதரொட்சைல் கூட்டங்கள் (ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த சிறு முனைகள்) தொங்கும். நமக்கு வேண்டியது அவைதான்.

பொலியூரிதேன் என்பது இரண்டு பக்கத்தார் சேரும் கலியாணம். உங்கள் கறுத்த கேனில் இருப்பது ஐசோசயனேற்று, பெரும்பாலும் எம்.டீ.ஐ. என்ற வகை. தேன் நிறக் கேனில் பொலியோல், அதாவது பல ஐதரொட்சைல் கூட்டங்கள் உள்ள திரவம். அதோடு ஊக்கியும் ஊதுபொருளும் கலந்திருக்கும். ஐசோசயனேற்று ஐதரொட்சைலைப் பிடித்தால் யூரிதேன் பிணைப்பு. 1937இல் ஜேர்மனியில் ஒட்டோ பாயர் தொடக்கிவைத்த இரசாயனம் இது. லிக்னினிலும் ஐதரொட்சைல் இருப்பதால் பொலியோலின் இடத்தில் ஒரு பங்கை அது பிடிக்கலாம்.

கவனியுங்கள், ஒரு பங்கைத்தான். கறுத்த கேன் அப்படியே வாங்கத்தான் வேண்டும். இரண்டு கேனும் ஏறக்குறைய சம எடையில் கலப்பதால், தேன் நிறக் கேனில் ஐந்தில் ஒன்றை மாற்றினாலும் ஃபோமின் மொத்த எடையில் பத்தில் ஒன்றுதான் மிச்சம்.

#3 உமிச்சூடு | சம்மாந்துறை

தோணிக்கார காக்கா, மரத்தூளை விடுங்க, உமில இல்லாத லிக்னினா? எங்கட பக்கம் நெல்லு மில்லுக்கு நெல்லு மில்லு உமி குவிஞ்சு இரிக்கு.

(எழுதி அனுப்பினத்துக்குப் பொறகு வாப்பா வாசிச்சுப்போட்டு ஏசுறார். உமி சும்மா கிடக்குதெண்டு ஆரு சொன்ன? நெல்லு அவிக்கிற பொயிலருக்கு அதான் விறகு. லிக்னினை எடுத்துப்போட்டா நெல்லை எதால அவிக்கிற எண்டு கேக்குறார். ஞாயந்தான்.)

#4 பழைய கடதாசி | வாழைச்சேனை

உமி, வைக்கோல் எண்டு கதை வந்தபடியா நானும் ஒரு சொல்லு.

நான் கடதாசி ஆலையில வேலை செஞ்சவன். எங்கட வாழைச்சேனை ஆலை 1956ல தொடங்கினது. பரந்தனில கொஸ்டிக் சோடாவும் குளோரீனும் செஞ்ச காலம் அது. வைக்கோல் கட்டுக் கட்டா வந்து இறங்கும். பெரிய இரும்பு உருளைக்குள்ள வைக்கோலையும் கொஸ்டிக் சோடாவையும் போட்டு ஆவி விட்டு அவிக்கிறது. அவிஞ்சு முடிஞ்சா நார் ஒரு பக்கம், கறுப்புத் தண்ணி ஒரு பக்கம். அந்தக் கறுப்புத் தண்ணியிலதான் பிள்ளைகாள் நீங்க சொல்ற லிக்னின் கரைஞ்சு கிடக்கு. நாங்க அதைச் சாமான் எண்டு நினைக்கவேயில்ல. கழிவு எண்டுதான் பேர்.

வைக்கோலிலயும் உமியிலயும் ஒரு வில்லங்கம் இருக்கு. சிலிக்கா. அதுவும் கொஸ்டிக் சோடாவில கரைஞ்சு கறுப்புத் தண்ணிக்குள்ள வந்திரும். தண்ணிய வத்த வைக்கேக்க குழாயெல்லாம் கல்லுப் பிடிக்கும். அமிலம் விட்டு லிக்னினைப் படிய வைச்சா, சிலிக்காவும் சேந்து சளி மாதிரிப் படியும். மரத்தில இந்தத் தொல்லை குறைவு. அந்த வகையில தோணிக்காரத் தம்பி மரத்தூளைப் பாத்தது சரி.

#5 வடகடல் | நோர்வே (ஊர் களுவாஞ்சிக்குடி)

ஐயா சொன்ன கறுப்புத் தண்ணிதான் உலகம் முழுக்கக் கிடக்கிற லிக்னின் சுரங்கம். கந்தகம் சேத்து அவிக்கிற முறைக்குக் கிராஃப்ட் முறை எண்டு பேர். 1879ல கார்ல் டால் கண்டுபிடிச்சது, இண்டைக்கும் கடதாசி செய்யிற மரக்கூழில பெரும்பங்கு அதாலதான். அந்த ஆலைகளில கறுப்புத் தண்ணிய வத்த வைச்சு கொதிகலனுக்க எரிக்கிறாங்க. ஆவியும் கிடைக்குது, சோடாவும் திரும்பக் கிடைக்குது. லிக்னின் அங்க விறகு. உமிச்சூட்டிட வாப்பா சொன்ன அதே கதைதான், பெரிய அளவில.

எரிக்காம எடுக்கிற வழி: கறுப்புத் தண்ணிக்குள்ள காபனீரொட்சைட்டை விட்டு பீ.எச். பத்தளவுக்கு இறக்க லிக்னின் படியும், வடிச்சு அமிலத் தண்ணியில கழுவுவாங்க. லிக்னோபூஸ்ட் எண்டு பேர். அமெரிக்காவில வட கரோலினாவில 2013லயும், பின்லாந்தில சுனிலா எண்ட இடத்தில 2015லயும் ஆலை அளவில தொடங்கினது. சுனிலா மரக்கூழ் ஆலைய 2023ல மூடிப்போட்டாங்க. லிக்னின் தனிய நிண்டு சோறு போடுற சாமான் இல்ல, பக்கத்தில கூழ் ஓடவேணும்.

இஞ்ச நோர்வேயில சார்ப்ஸ்போர்க் எண்ட ஊரில போரெகார்ட் ஆலை இருக்கு. அவங்க லிக்னினில இருந்து வனிலின் செய்றாங்க. ஐஸ்கிறீம் வாசம் தாற அதே வனிலின். கொங்கிறீட்டுக்குத் தண்ணி குறைக்க ஊத்துற கரைசலிலயும் லிக்னோசல்பனேற்று எண்ட ஒரு லிக்னின் வகை இருக்கு. கட்டட வேலை செய்த ஆக்கள் லிக்னினைத் தெரியாமலே கையால தொட்டிருப்பீங்க. ஆனா அது தண்ணியில கரையிற வகை, ஃபோமுக்கு அவ்வளவு தோதில்ல.

#6 தோணிக்காரன்

அப்ப நான் ஒரு பரலை வெட்டி அடுப்பில வைச்சு மரத்தூள் அவிச்சா?

#7 இரசாயன வாத்தியார்

வேண்டாம் தம்பி. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், நீங்களே முடிவெடுங்கள்.

10 கிலோ காய்ந்த மரத்தூள். உள்ளே இருக்கும் லிக்னின் 2.5 கிலோ. முழுவதும் வராது, பாதிக்கு மேல் வந்தால் நல்ல கை. அதை அவிக்கக் கிட்டத்தட்ட 2 கிலோ கொஸ்டிக் சோடா, 50 லீற்றர் தண்ணீர். வெப்பநிலை 160 முதல் 170 பாகை. திறந்த பரலில் தண்ணீர் 100 பாகையைத் தாண்டாது. வீட்டு பிரஷர் குக்கரே 120 பாகையில் நின்றுவிடும். 170 பாகையில் நீராவியின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப்போல் எட்டு மடங்கு. அதற்குள் கொதிக்கும் கொஸ்டிக் சோடா. பரல் வெடித்தால் கண் போகும்.

அடுத்தது அமிலம். 2 கிலோ கொஸ்டிக் சோடாவுக்கு ஈடுகட்ட 2.5 கிலோ அளவு சல்பூரிக் அமிலம் வேண்டும். முடிவில் சோடியம் சல்பேற்று மூன்றரைக் கிலோ மிஞ்சும். கையில் கிடைத்த லிக்னினைவிட உப்புக் கூட. அந்த உப்புத் தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? வாவிக்குள்ளா? இறாலும் மீனும் நம்பிச் சீவிக்கிற சனம் நாம்.

இன்னொன்று. கிராஃப்ட் கறுப்புத் தண்ணீர் எங்காவது கிடைத்தாலும் அதற்கு அமிலம் விடாதீர்கள். ஐதரசன் சல்பைட்டு வாயு கிளம்பும், ஆளைக் கொல்லும்.

#8 மருதமுனைப் பிள்ளை

சேர் சொன்னதெல்லாம் சரி. நான் கடைசி வருச ஆய்வுக்கு இதைத்தான் செஞ்சேன், சின்ன அளவில. என்ட அனுபவத்தைச் சொல்றேன், தோணிக்கார நானாவுக்கு உதவும்.

நாங்க எடுத்தது மரத்தூள் இல்ல, தென்னந்தும்பு. தும்பில லிக்னின் 40 சதவீதத்துக்குக் கிட்ட இருக்கு, மரத்தையும் தாண்டும். பொச்சுமட்டை தண்ணிக்குள்ள மாசக் கணக்கில கிடந்தும் அழுகாம தும்பு மிஞ்சுறது அதாலதான். ஆய்வுகூட ஓட்டோகிளேவில (அமுக்கத்தில அவிக்கிற மூடின பாத்திரம்) கந்தகம் இல்லாம வெறும் கொஸ்டிக் சோடா. படிய வைக்கேக்க முதல்ல சளி மாதிரி வந்து வடிதாளை அடைச்சுப்போட்டுது. அறுபது எழுபது பாகைக்குச் சூடாக்கினா துகள் திரண்டு வடிக்க ஏலும். இதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ரெண்டு கிழமை போச்சு. கழுவிக் காய வைச்சா கோப்பித்தூள் மாதிரி இருக்கும். சத்தியமா கோப்பித்தூள்தான், மணம் மட்டும் இல்ல.

மறுகா ஃபோம். முதல் ஊத்தல் பொங்கிக்கு வந்து அப்பிடியே அமுங்கிப்போச்சு. ரெண்டாவது உடைச்சா தூளாக் கொட்டிச்சு. மேற்பார்வையாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: லிக்னினைக் காய வைச்சயா? காய வைச்சேன், ஆனா மூடாம ரெண்டு நாள் மேசையில வைச்சிருந்தேன். எங்கட ஊர்க் காத்தில அது ஈரத்தை இழுத்திருக்கு.

சேர், அந்த ஈரக் கணக்கை நீங்களே போடுங்களேன். எனக்கு அண்டைக்கு ஆராவது போட்டுக் காட்டியிருந்தா அந்த ரெண்டு ஊத்தலும் மிச்சம்.

#9 இரசாயன வாத்தியார்

நல்ல பிள்ளை. போடுவோம்.

ஐசோசயனேற்றுக்குத் தண்ணீரைக் கண்டால் ஆசை அதிகம். தண்ணீரோடு சேர்ந்து காபனீரொட்சைட்டை விடும், ஃபோம் பொங்குவது பாதி அதனால்தான். அளவோடு இருந்தால் நன்மை. கூடினால் வினை.

எம்.டீ.ஐ. கேனில் தாக்கமுறும் பகுதி எடையில் 31 சதவீதம். அதன் சமவலு நிறை (ஒன்றுக்கு ஒன்று சரியாகச் சேரும் எடை) 42ஐ 0.31ஆல் வகுக்க 135. தண்ணீரின் சமவலு நிறை 9. அப்படியானால் 1 கிராம் தண்ணீர் 15 கிராம் எம்.டீ.ஐ.யைத் தின்னும். 100 கிராம் பொலியோல் கலவையில் 20 கிராம் லிக்னின் போடுகிறீர்கள், அதில் பத்தில் ஒரு பங்கு ஈரம் என்றால் 2 கிராம் தண்ணீர். அந்த 2 கிராம் உங்கள் கறுத்த கேனில் 30 கிராமைத் தின்றுவிடும். வாயு கூடிப் பொங்கும், சுவர் இறுகுவதற்குள் அமுங்கும். பிள்ளை கண்டது அதுதான்.

லிக்னினின் ஐதரொட்சைலையும் கணக்கில் எடுக்க வேண்டும். கிராமுக்கு 6 மில்லிமூல் என்று வைத்தால் 56.1ஆல் பெருக்க ஐதரொட்சைல் எண் (எவ்வளவு ஐதரொட்சைல் இருக்கிறது என்று காட்டும் அளவு) 337 வரும். விறைத்த ஃபோமுக்கான பொலியோல்கள் 300 முதல் 500 வரை. எண்ணிக்கையில் லிக்னின் அந்த வரிசையில் உட்காரத் தகுதியானதுதான். ஆனால் திண்மத் தூளாக இருப்பதால் உள்ளே மாட்டிக்கிடக்கும் ஐதரொட்சைலை ஐசோசயனேற்று எட்டிப்பிடிக்காது. வளையத்தில் நேரே ஒட்டியிருக்கும் பீனோல் வகை ஐதரொட்சைல் கட்டும் பிணைப்பும் நோஞ்சான், சூடானால் திரும்ப அவிழும். ஐஸ் பெட்டியில் சூட்டுக்கு எங்கே போக, அதை விடுங்கள்.

#10 வடகடல்

அந்த நோஞ்சான் பிரச்சினைக்குத்தான் தொழிற்சாலைக்காரர் புரொப்பிலீன் ஒட்சைட்டை லிக்னினோட தாக்கமுற வைக்கிறாங்க. பீனோல் முனையில வால் மாதிரி ஒண்டு நீண்டு, நுனியில நல்ல ஐதரொட்சைல் வரும். தூள் திரவமாகும். ஆனா அந்த ஒட்சைட்டு இலகுவில தீப்பிடிக்கும், புற்றுநோய் ஆபத்தும் இருக்கு, உயர் அமுக்கத்தில செய்யவேணும். கிளிசரோலும் பொலிஎதிலீன் கிளைக்கோலும் சேத்து, கொஞ்சம் அமிலத்தோட 150 பாகைக்குக் கிட்ட மரத்தூளையே திரவமாக்குற வழியும் இருக்கு. லிக்னினைத் தனியப் பிரிக்கிற வேலை மிச்சம். என்ன எண்டாலும் ஆய்வுகூடத்துக்க செய்யிற வேலை, மரக்காலைப் பின்பக்கத்தில இல்ல.

#11 உமிச்சூடு

ஐசோசயனேற்று எண்டா போபால்ல 1984ல சனம் செத்த சாமானா?

#12 இரசாயன வாத்தியார்

குடும்பம் ஒன்று, ஆள் வேறு. போபாலில் கசிந்தது மெதைல் ஐசோசயனேற்று, பூச்சிமருந்து செய்ய வைத்திருந்தது, இலகுவில் ஆவியாகும். எம்.டீ.ஐ. சாதாரண வெப்பநிலையில் அவ்வளவு ஆவியாகாது. அதனால் பயமில்லை என்று அர்த்தமில்லை. சூடானாலும், விசிறினாலும் காற்றில் ஏறும். மூச்சோடு போய் ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு துளி அளவு பட்டாலும் முட்டு இழுக்கும். அந்த ஆள் வாழ்நாளில் அந்தத் தொழிலை விடவேண்டியதுதான். தூசுக்குக் கட்டும் துணி முகமூடி இதற்குப் பிரயோசனமில்லை, இரசாயன ஆவிக்குரிய வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். கையுறையும் போடுங்கள்.

#13 தோணிக்காரன்

சேர், உண்மையச் சொன்னா நாங்க சாரத்துண்டால மூக்கைக் கட்டிக்கொண்டுதான் ஊத்துறது. என்னோட நிண்ட பொடியன் ஒருத்தனுக்குப் போன வருசத்தில இருந்து முட்டு. தூசியால எண்டு நினைச்சம். இப்ப யோசிக்கிறன்.

#14 இரசாயன வாத்தியார்

அவரை அந்த வேலையில் இருந்து உடனே எடுங்கள். வைத்தியரிடம் போகும்போது என்ன ஊற்றுகிறோம் என்று கேனில் உள்ள பெயரைப் படம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். வெட்டிய ஃபோம் துண்டுகளை எரிக்கவும் வேண்டாம், ஐதரசன் சயனைட்டு வரும்.

இனி ஐஸ் கணக்கு. உங்களுக்கு வேண்டியது ஃபோம் இல்லை, ஐஸ் நிற்பது. சுவர் மொத்தம் 4 சதுர மீற்றர், தடிப்பு 5 சென்ரிமீற்றர், வெளியும் உள்ளும் 30 பாகை வித்தியாசம் என்று எடுத்தேன். பொலியூரிதேன் சுவரில் நாளுக்கு 15 கிலோ ஐஸ் அளவில் கரையும். ரெஜிஃபோமில் (பொதி கட்ட வரும் வெள்ளை நுரைப் பலகை) 22 கிலோ. வெறும் காய்ந்த மரத்தூளை அடைத்தால் 40 கிலோ. ரெஜிஃபோமைக் கொஞ்சம் தடிப்பாக, ஏழு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் போட்டால் பொலியூரிதேனுக்குச் சமன். மலிவும்கூட. பிறகேன் இந்தப் பாடு?

#15 பழைய கடதாசி

எங்கட காலத்தில ஐஸ் கட்டி மரத்தூளுக்குள்ளயும் உமிக்குள்ளயும்தான் கிடந்து வந்தது. லிக்னின் அப்பவே ஐஸ் பெட்டிக்குள்ள இருந்திருக்கு பாருங்க.

#16 தோணிக்காரன்

சேர், ரெஜிஃபோம் எங்களுக்குச் சரிவராது. பைபர் அடிக்கிற ரெசின் பட்டா ரெஜிஃபோம் சீனி மாதிரிக் கரைஞ்சுபோகும். ரெசினுக்குள்ள இருக்கிற ஸ்டைரீன் தின்னுது. பொலித்தீன் சுத்தி அடிச்சா பைபர் ஒட்டாது, பிறகு இடையில தண்ணி நிண்டு கனக்கும். ஊத்துற ஃபோம் எண்டா மூலை முடுக்கெல்லாம் போய் பைபரோட ஒட்டி, பெட்டிய விறைப்பாவும் வைச்சிருக்கும். தோணி அணியத்துக்க ஊத்துறதும் அதுக்குத்தான், கவிண்டாலும் தாழாது. அதை விட்டிட்டு வேறொண்டுக்குப் போக ஏலாது.

#17 இரசாயன வாத்தியார்

அது எனக்குத் தெரியாத விசயம். நன்றி தம்பி. ரெஜிஃபோம் கதையை வாபஸ் வாங்குகிறேன்.

#18 மருதமுனைப் பிள்ளை

நானா, ஒங்களுக்கு லிக்னின் எடுக்கிற வேலை வேணாம். எங்கட கிழக்கில வேற ஒண்டு இரிக்கி, ஆரும் சொல்லல்ல: கஜு. மரமுந்திரிகைக் கோது.

கோதுக்குள்ள இருக்கிற எண்ணெய்யும் பீனோல் வகைதான். சூடாக்கினா அதில உள்ள அனகார்டிக் அமிலம் காபனீரொட்சைட்டை விட்டு கார்டனோல் ஆகும். அதுக்கு ஒரு நீண்ட கொழுப்பு வால் இயற்கையாவே இரிக்கி. கோதிட எடையில கால்வாசிக்கு மேல எண்ணெய், பிறந்ததுல இருந்தே திரவம், லிக்னின் மாதிரி அவிச்சு வடிக்கிற பாடு இல்ல. கார்டனோலில இருந்து செஞ்ச பொலியோல் உலகச் சந்தையில விக்கிறாங்க. கஜு உடைக்கிற நம்மட பொம்புளைகள்ட கையைப் பாருங்க, தோல் உரிஞ்சு கறுத்து இரிக்கும். அந்த எண்ணெய்தான்.

நான் லிக்னினுக்கு எதிரி இல்ல. அந்த வருசம் முழுக்க அதோடதான் கிடந்தேன். ஆனா மட்டக்களப்பில ஆராவது தொடங்குறதெண்டா கோதில இருந்து தொடங்கணும் எண்டுதான் எனக்குப் படுகுது.

#19 வடகடல்

தங்கச்சி சொல்றது சரி. ஆனா கார்டனோல் ஃபோமைக் கொஞ்சம் இளக்கும், லிக்னின் விறைக்க வைக்கும், எரிஞ்சாலும் கரியாகி நிண்டுபிடிக்கும். ஐஸ் பெட்டிக்கு விறைப்பும் வேணும். ரெண்டையும் கலந்து ஆராவது ஊத்திப் பாருங்கப்பா.

#20 தோணிக்காரன்

தங்கச்சி, உங்களிட்ட மிச்ச லிக்னின் கிடக்கா? ஒரு கால் கிலோ போதும். காசு தாறன்.

#21 மருதமுனைப் பிள்ளை

காசு வேணாம். போத்தலில 300 கிராம் அளவு இரிக்கி, கல்முனை பஸ்ஸில அனுப்பி விடுறேன். 105 பாகையில ஒரு ராவு முழுக்கக் காய வைச்சு, சூடு ஆறுறதுக்குள்ள மூடி இறுக்குங்க. ஒங்கட தேன் நிறக் கேனுக்கு நூத்துக்குப் பத்துக்கு மேல போடாதீங்க, கலவை கூழாகி அடிக்க ஏலாமப் போகும். லிக்னினைத் தேன் நிறக் கேனோட நல்லா அடிச்சுக் கலந்துபோட்டு, கடைசியில கறுத்த கேன். முகமூடி போட்டிட்டுப் படம் அனுப்பினாத்தான் பொதி வரும்.

#22 தோணிக்காரன்

படம் அனுப்பினன். பொதி வந்திட்டு.

105 பாகை அடுப்புக்கு எங்க போறது? பக்கத்துப் பேக்கரி முதலாளியிட்ட கேட்டன், பாண் இறக்கின பிறகு அடுப்பு அடங்குற சூட்டில ஒரு தட்டம் வைக்கலாமா எண்டு. மூடி இறுக்காத டின்னில வைச்சன். விடிய அவர்ட பொடியன் கோப்பித்தூள் எண்டு எடுத்துச் சுடுதண்ணிக்குள்ள போட்டிருக்கான். கரையல்ல எண்டு என்னட்ட முறைப்பாடு. நல்ல வேளை குடிக்கல்ல.

மிஞ்சினதில மூண்டு கப் ஊத்தினன். முதலாவது எப்பவும் போல. ரெண்டாவதுக்குப் பத்து வீதம் லிக்னின், கறுத்த கேன் வழமை அளவு. வழமைய விடக் குறைவாத்தான் எழும்பிச்சு, மேல தோல் ஒட்டுப்பட்டு நாள் முழுக்கக் கையில பிசுக்கு. மூண்டாவதுக்கு வாத்தியார்ட கணக்கைப் பாத்துக் கறுத்த கேனைக் கொஞ்சம் கூட்டினன். கருப்பட்டி நிறத்தில அமைவா எழும்பிச்சு. கத்தியால வெட்டினா கண்ணறை சின்னச் சின்னதா இருக்கு, முதலாவதை விட இறுக்கம். நகத்தால குத்தினா பள்ளம் விழல்ல.

காசு மிச்சமா எண்டு கேட்டா, இல்ல. கறுத்த கேன் கூடினதில தேன் நிறக் கேனில மிச்சம் பிடிச்சது போயிட்டு.

#23 இரசாயன வாத்தியார்

அதைத்தான் இரண்டாம் பதிவிலேயே எழுதினேன். இருந்தாலும் மூன்றாவது கப்பை எறிய வேண்டாம், ஒரு படம் போடுங்கள். எடை, கனவளவு இரண்டும் எடுத்தால் அடர்த்தி சொல்லலாம். கன மீற்றருக்கு 30 முதல் 40 கிலோவுக்குள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

#24 தோணிக்காரன்

எறியல்ல சேர். சின்னப் பெட்டி ஒண்டிட மூடிக்குள்ள அதே கலவைய ஊத்தி வைச்சிருக்கன். மாமாட தோணியில போகுது. முட்டு வந்த பொடியனைக் கடைக் கணக்குக்கு மாத்திட்டன், மருந்தும் எடுக்கிறான். கஜுக் கோது எண்ணெய் ஆரிட்டயாவது கிடந்தா சொல்லுங்க, பேக்கரிக்காரர் இனி அடுப்புத் தரமாட்டாராம்.

#25 உமிச்சூடு

ஏறாவூர்ல கஜு உடைக்கிற ஒரு ஆளத் தெரியும் காக்கா. உள்பெட்டிக்கு வாங்க.